சனிக்கிழமை ஆறு மணிக்கு என் மனைவியைச் சந்தித்தேன்

என் மனைவியை முறைப்படி வெளியே அழைத்துப் பழகிப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன். எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அவசரப்பட்டு எடுத்த முடிவு என்று யாரும் சொல்ல முடியாது.

காரணம் காதல் இல்லை. பயம்.

நான் லிஃப்ட் மெக்கானிக். ஒரு வருட வேலையாக இந்த நாட்டுக்கு வந்தவன். மனைவியும் கூட வந்தாள். "ஒரே ஒரு வருஷம். அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது" என்று விமானம் ஏறுவதற்கு முன்பே அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தேன். அந்த வருடம் முடியப் போகிற நேரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, என் மேலதிகாரி கூப்பிட்டு இன்னும் இரண்டு வருடம் இருக்க முடியுமா என்று கேட்டார். ஆள் ஆறரை அடி. அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் ஏணி. அவ்வளவு உயரத்திலிருந்து ஒருவர் குனிந்து கேட்கும்போது எனக்கு மறுக்க வரவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம்தான் ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார்.

"அடுத்த திங்கட்கிழமைக்குள்ள இதுல உங்க மனைவியோட கையெழுத்து வேணும். அவங்க சம்மதிக்கலன்னா எல்லாம் ரத்து."

படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் லிஃப்ட் கையேட்டுக்குள் ஒளித்து வைத்தேன். எங்கள் வீட்டில் அந்தப் புத்தகத்தை என்னைத் தவிர யாரும் தொடமாட்டார்கள். நானே அவ்வளவாகத் தொடுவதில்லை.

இரண்டு நாள் தூக்கமில்லை. கேட்காமலேயே தலையாட்டிவிட்டு வந்தேன் என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது? வியாழக்கிழமை நானும் ஏணியும் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றுபோன ஒரு லிஃப்டின் தலைமேல் உட்கார்ந்து கம்பிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் இருவருக்கும் பொதுவான அரைகுறை ஆங்கிலத்தில் மெதுவாகப் பேச்சைக் கொடுத்தேன்.

"இங்கெல்லாம் ஒரு பொண்ணுகிட்ட முக்கியமான விஷயம் பேசணும்னா என்ன பண்ணுவீங்க?"

"முதல்ல காபி சாப்பிட வர்றீங்களான்னு கேப்போம்."

"வரலன்னு சொல்லிட்டா?"

"சரின்னு சொல்லிட்டு வந்துடுவோம்."

"ஏன்னு கேக்க மாட்டீங்களா?"

"அது அவங்க இஷ்டம். காரணம் எதுக்கு?"

அந்த இடத்திலேயே எனக்கு இந்த நாட்டின் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. எங்கள் சொந்தபந்தத்தில் ஒருவர் காபி வேண்டாம் என்றால் பத்துப் பேர் சுற்றி நின்று காரணம் கேட்பார்கள். காரணம் சரியில்லை என்றால் ஆறு மாதம் பேச்சுவார்த்தை இருக்காது.

"வர்றேன்னு சொன்னா?"

"தனித்தனியா வந்து சேரணும். போனை உள்ள வச்சுடணும். நம்மளப் பத்திக் கம்மியாப் பேசணும். அவங்களைப் பத்திக் கேள்வி கேக்கணும். பதில் முடியற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருக்கணும்."

கடைசி விதியில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. மற்றதெல்லாம் புதிது.

"நடுவுல வசமா மாட்டிக்கிட்டா?"

"அதுக்கும் வழி இருக்கு. தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது சொல்லி வச்சுட்டுப் போவோம். இருபது நிமிஷம் கழிச்சு அவங்க போன் பண்ணுவாங்க. சரிப்பட்டு வரலன்னா அவசர வேலைன்னு எழுந்து வந்துடலாம். நல்லாப் போச்சுன்னா அப்புறம் பேசறேன்னு வச்சுடலாம்."

கழன்றுகொள்வதில்கூட இவ்வளவு நாகரிகம். லிஃப்டுக்குள் அவசர மணி வைத்த மாதிரி காதலுக்குள்ளும் வைத்திருக்கிறார்கள். எனக்குப் புல்லரித்தது. சனிக்கிழமை ஆறு இருபதுக்கு ஏணியையே போன் பண்ணச் சொன்னேன். எட்டாவது மாடியில் லிஃப்ட் நின்றுவிட்டது, உடனே கிளம்பி வா என்று அவர் சொல்ல வேண்டும். ஏணி ஒப்புக்கொண்டு சிரித்தார். தேவைக்கு மேலேயே சிரித்தார்.

நாங்கள் ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே வீட்டுக்கார அம்மாவின் தையல் கடை. புதுத் துணி தைப்பதில்லை. பிடிப்பது, பிரிப்பது, குறைப்பது, நீட்டுவது, அவ்வளவுதான். பகலில் பொழுது போகாமல் என் மனைவி அங்கே போய் உட்கார்ந்திருப்பாள் என்பது அதுவரை என்னிடம் இருந்த தகவல்.

அன்று சாயந்திரம் அவள் என் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். எதிரே போய் நின்றேன்.

"சனிக்கிழமை ஆறு மணிக்குக் காபி சாப்பிட வர்றியா?"

"ஏங்க, வீட்லதான் காபித்தூள் இருக்கே."

"அதுக்கில்லம்மா. இந்த ஊர் வழக்கப்படி, முறையாக் கேக்கறேன்."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இந்த ஊர் வழக்கப்படின்னா நான் முடியாதுன்னும் சொல்லலாமே?"

"சொல்லலாம்."

"யோசிச்சுச் சொல்றேன்."

வெள்ளிக்கிழமை முழுவதும் யோசித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு தட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சாப்பிட்டேன். சனிக்கிழமை காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவனிடம் வந்து "வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஐந்தரைக்கே நான் ரெடி. தலை வாரி, ஷூ போட்டு, படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

"நீங்க போங்க" என்றாள். "தனித்தனியா வர்றதுதான் முறை."

"ஒரே வீடு, ஒரே மாடிப்படி, ஒரே தெருவும்மா."

"அதுக்கு நான் என்ன பண்றது?"

நான் முன்னால் நடந்தேன். அவள் எதிர்ப்பக்க நடைபாதையில் முப்பதடி பின்னால் வந்தாள். ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். முன்பின் தெரியாத ஆள் மாதிரி ஒரு செருப்புக் கடை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நொடியில் அவள் அழகாக இருந்தாள். இதை நான் சொல்லியே ஆக வேண்டும்.

காபிக் கடையில் மூலை மேசை. அவள் கதவைத் திறந்து, நாலு பக்கமும் தேடி, என்னைக் கண்டுபிடித்து வந்து உட்கார்ந்தாள்.

"ரொம்ப நேரமாக் காத்திருக்கீங்களா?"

"இல்லைங்க, இப்பத்தான் வந்தேன்" என்றேன். எங்கிருந்தோ ஒரு 'ங்க' வந்து ஒட்டிக்கொண்டது. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

ஏணி சொன்னபடி கேள்வி கேட்க ஆரம்பித்தேன். பகலெல்லாம் என்ன பண்ணுகிறாய்? சொன்னாள். முதல் இரண்டு மாதம் குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் அழுதாளாம். மூன்றாம் மாதம் கீழே போய்ப் பித்தான் தைத்தாளாம். இப்போது ஒரு ஆள் கதவைத் தாண்டி நாலடி வைப்பதற்குள் தோளளவு சொல்லிவிடுவாளாம். கோட்டு கொண்டுவருகிறவர்கள் "அந்த அம்மாதான் பாக்கணும்" என்று காத்திருக்கிறார்களாம். இந்த ஊர் மொழியில் பேரம்கூடப் பேசுகிறாளாம். எனக்கு அந்த மொழி கேட்டால் ஒரு மாதிரி புரியும்; பேச மேலே, கீழே, அவசரம் என்ற மூன்று வார்த்தைதான் சுத்தமாக வரும்.

"இதெல்லாம் ஏன் என்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீங்க கேக்கல."

வாயை மூடிக்கொண்டேன். விதி.

"நம்ம கல்யாணத்தைப் பெரியவங்க பேசி முடிச்சாங்க" என்றாள். "எந்த மண்டபம், எந்தத் தேதின்னு ஊர்ல உள்ளவங்களை எல்லாம் கேட்டாங்க. என்னை ஒருத்தரும் ஒரு கேள்வி கேக்கல. நீங்களும் கேக்கல. இந்த ஊர்ல இருக்கற பொண்ணுங்க பேசறதைக் கேக்கும்போது அதுதான் ஞாபகம் வரும்."

எனக்கு வெட்கமாக இருந்தது. இப்படி ஒருத்தியோடு இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அறிமுகம் இல்லாமல் இருந்திருக்கிறேனே என்று என் மேலேயே கோபம் வந்தது. சட்டைப் பையில் படிவம் நெஞ்சைக் குத்தியது.

சரியாக ஆறு இருபதுக்குப் போன் அடித்தது. என்னுடையது இல்லை. அவளுடையது.

"சொல்லுங்க" என்றாள், இந்த ஊர் மொழியில். "இல்ல, நல்லாத்தான் போகுது. கேள்வியெல்லாம் கேக்கறார். லிஃப்ட் எட்டாவது மாடியிலயே நிக்கட்டும்."

வைத்துவிட்டாள்.

"யாரும்மா?"

"உங்க ஏணி."

"அவர் எதுக்கு உனக்குப் போன் பண்றார்?"

"நான்தான் எனக்குப் பண்ணச் சொன்னேன். மாட்டிக்கறது என்ன, நீங்க மட்டும்தானா?"

"அவரை உனக்கு எப்படித் தெரியும்?"

"அந்த உயரத்துக்கு எந்தக் கடையில பேண்ட் கிடைக்கும்? ஏழு மாசமா நான்தான் நீட்டித் தர்றேன்."

இனி மறைக்க என்ன இருக்கிறது? படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"உன்னை ஒரு வார்த்தை கேக்காம ரெண்டு வருஷத்துக்குச் சரின்னு சொல்லிட்டேன். தப்புதான். உனக்கு வேண்டாம்னா சொல்லு, திங்கட்கிழமை போய் முடியாதுன்னு சொல்லிடறேன். சத்தியமா."

மனப்பூர்வமாகத்தான் சொன்னேன். அவளுக்கும் அது புரிந்தது. என் கையை ஒரு தடவை தட்டிக் கொடுத்துவிட்டுப் படிவத்தை மடித்து என் பக்கம் தள்ளினாள்.

"இது வெறும் நகல். நீங்க எப்படிக் கேக்கறீங்கன்னு பாக்கறதுக்காக நான்தான் குடுக்கச் சொன்னேன். கடையில பாதியை எடுத்து நடத்தச் சொல்லி வீட்டுக்காரம்மா கேட்டாங்க. ரெண்டு வருஷமாவது இங்க இருந்தாத்தான் அது சரியா வரும். அதனால அசல்ல திங்கட்கிழமையே கையெழுத்துப் போட்டுட்டேன்."

"அப்ப இன்னிக்கு எதுக்கு வந்தே?"

"கேட்டீங்களே, அதுக்குத்தான்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காபியைக் கையில் எடுத்தேன். அப்புறம்தான் கிழமைக் கணக்கு இடித்தது.

"திங்கட்கிழமையா? ஏணி என்கிட்டக் கேட்டதே செவ்வாய்க்கிழமைதானே?"

"ஆமா" என்றாள். "நான் சரின்னு சொன்ன பிறகுதானே உங்களைக் கேக்க முடியும்?"