அம்பு ஒட்டிய வீடு

“பிடிச்சிருக்குன்னு மூஞ்சியில காட்டிட்டா போச்சு. விலை ஏறிடும்” என்று கட்டிங் மாஸ்டர் சொல்லி அனுப்பியிருந்ததால், அம்பு அந்த வீட்டுக்குள் பல்வலிக்காரர் முகத்தோடு நுழைந்தார்.

அம்பு என்பது பட்டப்பெயர். சட்டைத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பது அவர் வேலை. பிசிறு நூலோ கோணல் பட்டனோ கண்ணில் பட்டால், அந்த இடத்தில் அம்பு வடிவச் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் திருப்பி அனுப்புவார். தையல் பிரிவில் குறையைச் சரிசெய்து, ஸ்டிக்கரை உரித்துவிட்டு, மறுபடி அவரிடமே கொண்டு வர வேண்டும். தன் கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையின் காலர் மேலேயே ஓர் அம்பு ஒட்டி வைத்திருக்கிறார் என்று தொழிற்சாலையில் ஒரு பேச்சு உண்டு. அது பொய்யில்லை.

மாஸ்டரின் யோசனையை அவர் மனைவியிடம் சொல்லவில்லை. இரும்புக்கடையில் பில் போடும் அவளுக்கு எல்லாம் தெரியும், மனதில் இருப்பதை முகத்தில் மறைக்க மட்டும் தெரியாது. பழைய ஃபிரிட்ஜ் வாங்கப் போனபோது இவர் “வேண்டாம், வா போகலாம்” என்று பிரமாதமாக நடித்துக்கொண்டிருந்தார். அவளோ அதற்குள், பாலை எந்தத் தட்டில் வைத்தால் நல்லது என்று கடைக்காரரிடமே யோசனை கேட்டுவிட்டாள். அந்த யோசனைக்கும் சேர்த்துத்தான் கடைக்காரர் விலை போட்டார்.

வீட்டை விற்பவர் ஓய்வுபெற்ற நர்ஸ். தங்கையோடு போய் இருக்கப் போகிறார்.

“பேரம் பேச எனக்குத் தெம்பு இல்ல தம்பி. எத்தனை தடவை வேணும்னாலும் வந்து பாருங்க. ஒரே ஒரு தொகை சொல்லுங்க. எனக்குச் சரின்னா சாவி உங்களுக்கு, இல்லன்னா அடுத்தவங்களுக்கு.”

வீடு சின்னதுதான். ஆனால் சமையலறை மேடை வரைக்கும் வெயில் வந்தது. மனைவி ஹாலின் வெற்றுச் சுவர் முன்னால் நின்று அதை உள்ளங்கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கென்று அவருக்குத் தெரியும். வாடகை வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது. கல்யாணத்துக்கு வந்த சுவர்க்கடிகாரம், ஒரு நாளும் சுவரைப் பார்க்காமல், அந்த ஃபிரிட்ஜ் மேலேயே சாய்ந்து நின்று காலத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறது. இந்த வீட்டை இவளுக்கு வாங்கித் தராவிட்டால் நான் என்ன புருஷன் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றிய உடனே முகத்தை இன்னும் சுளித்துக்கொண்டார்.

பிறகு வேலையை ஆரம்பித்தார். சமையலறைக் குழாய் சொட்டியது, ஓர் அம்பு. அலமாரிக் கதவு சாத்தவில்லை, ஓர் அம்பு. பின்னறைச் சுவரில் ஈரக்கறை, அதற்கும் ஓர் அம்பு. நர்ஸ் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அம்புகளை எண்ணினார்.

திரும்பும் வழியில் மனைவி கேட்டாள். “ஏங்க, நிஜமாவே பிடிக்கலையா?”

“வீடா அது?” என்றார் அம்பு.

அவள் திரும்பித் திரும்பி அந்த வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அவருக்கு மனசு என்னவோ செய்தது. ஆனால் உண்மையைச் சொன்னால் அது அவள் முகத்துக்குப் போய்விடும், அங்கிருந்து நேரே விலைக்குப் போய்விடும். முப்பத்தாறு லட்சம் சொல்லலாம் என்று கணக்குப் போட்டபடி வண்டியை ஓட்டினார்.

அடுத்த வாரம் இருவரும் மறுபடி போனபோது குழாய் சொட்டவில்லை. அலமாரி சாத்தியது. ஈரக்கறை இருந்த இடம் பளிச்சென்று இருந்தது. அம்புகள் மூன்றையும் காணோம்.

“இப்ப எப்படி இருக்கு?” என்று நர்ஸ் கேட்டார். மனைவியும் இவர் முகத்தையே பார்த்தாள்.

அம்பு விடுவாரா? பால்கனிக் கதவு கிறீச்சிடுகிறது, குளியலறையில் ஒரு டைல்ஸ் விரிசல், போதாததற்குச் சுவர்களின் நிறமே அழுது வடிகிறது என்று சொல்லி, இருந்த அம்புகளையெல்லாம் ஒட்டித் தீர்த்தார்.

கட்டிங் மாஸ்டர் கதையைக் கேட்டுவிட்டுக் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். வேறு ஏதோ பார்ட்டி வருகிறது, இல்லாவிட்டால் விற்றுவிட்டுப் போகிற வீட்டுக்கு யார் செலவு பண்ணுவார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. முப்பத்தாறு முப்பத்தெட்டானது.

இந்தக் கவலையைப் பகிர்ந்துகொள்ளக்கூட மனைவி கையில் அகப்படவில்லை. கடையில் சரக்குக் கணக்கெடுப்பு என்று தினமும் தாமதமாக வந்தாள். விரலில் பிளாஸ்திரி வேறு. கேட்டால் ஸ்டேப்ளர் குத்திவிட்டது என்றாள். அம்பு அவள் முதலாளியை மனதுக்குள் திட்டிக்கொண்டே பாத்திரம் கழுவி வைத்தார்.

மூன்றாவது முறை போனபோது பால்கனிக் கதவு சத்தமில்லாமல் திறந்தது. டைல்ஸ் புதிது. சுவரெல்லாம் இளம்பச்சை, மனைவி எந்தக் கடையில் பார்த்தாலும் நின்று பார்க்கும் அதே பச்சை. அவருக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்போதுதான் ஹால் சுவரில் அதைப் பார்த்தார். ஒரு புது ஆணி. அதில் எதுவும் மாட்டியிருக்கவில்லை.

வேறு யாரோ ஆணி அடிக்கிற அளவுக்கு வந்துவிட்டார்கள்.

“ஆணி அடிச்சுட்டாங்கன்னா முக்கால்வாசி முடிஞ்ச மாதிரிதான்” என்றார் கட்டிங் மாஸ்டர்.

நாற்பது என்று முடிவு செய்து படுத்தார். விடிவதற்குள் அது நாற்பத்திரண்டாகிவிட்டது. பேங்க் கடனைக் கூட்டி, வண்டியையும் விற்றுவிட்டால் சமாளிக்கலாம். தொழிற்சாலைக்கு நடந்து போனால் உடம்புக்கும் நல்லது.

காலையில் மனைவியிடம், “அந்த வீட்டையே வாங்கிடலாம்” என்றார்.

“இன்னும் ஏதாவது குறை இருக்கா?”

“ஒண்ணும் இல்ல.”

அவள் கண் கலங்கிவிட்டது. இதற்குப் போய் ஏன் அழுகிறாள் என்று அவருக்குப் புரியவில்லை.

அன்றைக்கே நர்ஸ் முன்னால் இருவரும் போய் உட்கார்ந்தார்கள். அம்பு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். இத்தனை நாள் சுளித்து வைத்திருந்த முகம் அவரை மீறித் தளர்ந்தது.

“நாப்பத்திரண்டு அக்கா. வேற யாரோ கேக்குறாங்கன்னு தெரியும். எங்களுக்கே கொடுங்க. மொத நாள் கால் வச்சப்பவே இந்த வீடு எனக்குப் பிடிச்சுப்போச்சு. அம்பு ஒட்டினதெல்லாம் விலையைக் குறைக்கத்தான்.”

“மொத நாளேவா?” என்றாள் மனைவி.

அப்படி ஒரு குரலை அவர் அவளிடம் கேட்டதே இல்லை. அவள் தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்து, நகக்கண்களில் ஒட்டியிருந்த இளம்பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் அவரால் பேச முடிந்தது.

“வேற யாரும் கேக்கல தம்பி, நான் நினைச்சிருந்தது முப்பத்தாறுதான்; மிச்ச ஆறை இவளுக்குக் கூலியா கொடுத்துடுங்க, ‘அவருக்கு இந்த வீடு பிடிக்கவே மாட்டேங்குது அக்கா, எப்படியாவது பிடிக்க வச்சுடுறேன், நீங்க மட்டும் சொல்லிடாதீங்க’ன்னு தினமும் கடை விட்டதும் வந்து உங்க அம்பு ஒவ்வொண்ணையும் உரிச்சவ இவதான்.”