பாப்பாவுக்குப் பிரைமர் அடித்தவர்

பொம்மிடி வட்டாரத்திலேயே சுவரிடம் அனுமதி கேட்டுவிட்டுப் பெயின்ட் அடிக்கிற மனிதர் அவர் ஒருவர்தான். எங்களுக்கெல்லாம் அவர் பெயின்டர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். காலையில் வந்ததும் சுவரில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடுவார். "இன்னிக்கி வேணாங்க, செவுரு இன்னும் மனசு வெக்கல" என்று ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். வீட்டு ஓனர் தலையில் அடித்துக்கொள்வார்.

போன வருஷம் எங்கள் வாடகை வீட்டுக்கு அவர் வேலைக்கு வந்தபோது, நான் இன்னொரு பிடிவாதத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். என் மகளுக்கு ஒன்பது மாதம். தாய்ப்பாலைத் தவிர எதையும் வாயில் வாங்கமாட்டாள். ஸ்பூனைக் கண்டாலே உதடு பூட்டிக்கொள்ளும். காக்காயைக் காட்டினேன், ரயிலைக் காட்டினேன், என் வீட்டுக்காரர் குரங்கு மாதிரி குதித்தும் காட்டினார். அம்மணி சிரிப்பதற்காகக்கூட வாயைத் திறக்கவில்லை.

அங்கன்வாடி டீச்சர் எடை அட்டையைப் பார்த்துவிட்டு, "ரெண்டு மாசமா எடை ஏறவே இல்லீங்க. அடுத்த மாசமும் இப்படியே இருந்தா பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் எழுதிக் குடுக்கணும்" என்றுவிட்டார். அன்றிலிருந்து எனக்கும் சோறு இறங்கவில்லை.

ஏணி மேலிருந்து மூன்று நாள் இந்தக் கூத்தைப் பார்த்த பெயின்டர், நான்காம் நாள் இறங்கி வந்தார்.

"ஏம்மா, பாப்பாவ அத ஒருக்காவாச்சும் தொட்டுப் பாக்க வுட்டீங்களா?"

"சோத்துல வெளையாடவா வுடுவாங்க, அண்ணா?"

"செவுத்தத் தொட்டுப் பாக்காம நான் அடிச்சா பெயின்ட் நிக்குமாங்க? மொதல்ல கை ஒத்துக்கணும். அப்பறந்தான் வாயி."

சோப்புப் போட்டு மூன்று முறை கை கழுவினார். துவைத்த பெட்ஷீட்டைத் தரையில் விரிக்கச் சொன்னார். "மூணு கலர் குடுங்க" என்று ஆர்டர் வேறு. வேகவைத்து மசித்த பீட்ரூட், பரங்கிக்காய், இளக்கமாகக் கிண்டிய ராகிக் களி என்று தட்டில் வைத்து அவள் முன்னால் தள்ளினேன்.

முதல் நாள் பீட்ரூட் தலைக்குப் போனது. இரண்டாம் நாள் பரங்கிக்காய் காதுவரை போனது. மூன்றாம் நாள் இரண்டும் சேர்ந்து என் புதுச் சுடிதாருக்கு வந்தன. "வயித்துக்குள்ள ஒரு துளிகூடப் போகலியே!" என்று கத்தினேன்.

"இது பிரைமருங்க. கோட்டிங் இனிமேத்தான்" என்றார் அவர், பதற்றமே இல்லாமல்.

ஐந்தாம் நாள் களியைத் தட்டிக்கொண்டிருந்தவள், அதன் நடுவில் விரலை விட்டுக் குடைந்தாள். குழம்பு ஊற்ற நாம் எல்லோரும் களியில் செய்வோமே, அதே குழி!

"யம்மா, புள்ள குழி பண்ணிடுச்சு! பருப்புத் தண்ணி கொண்டாங்க, ஓடுங்க!" என்று அலறினார் பெயின்டர்.

ஊற்றினேன். விரலால் கலக்கினாள். முகர்ந்து பார்த்தாள். விரலை வாயில் வைத்து மூஞ்சியைச் சுளித்தாள். ஆனால் துப்பவில்லை. மறுபடியும் குழிக்குள் விரலை விட்டாள். அந்தச் சந்தோஷத்தில் பெயின்டர் தான் அடித்த சுவரிலேயே அப்படியே பின்னால் சாய்ந்துவிட்டார். ஈரச் சுவரில் யார் சாய்ந்தாலும் சண்டைக்குப் போகிற மனிதருக்கு அன்று முதுகு முழுக்க மஞ்சள்.

எங்கள் வீட்டு வேலை முடிந்து, தொப்பூரில் ஏதோ ஓட்டலுக்குப் பெயின்ட் அடிக்கப் போய்விட்டார். எடை போடும் நாளன்று பார்த்தால், எனக்கு முன்னால் அங்கன்வாடி வாசலில் நிற்கிறார். "வேலைக்குப் போகலீங்களாண்ணா?" என்று கேட்டேன். அவர் உள்ளே இருந்த எடை மெஷினையே எட்டிப் பார்த்தபடி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"ஏறியிருக்குங்க, நல்லாவே ஏறியிருக்கு" என்றார் டீச்சர். அப்பாடா என்று இருந்தது எனக்கு. வெட்கமில்லாமல் அழுதேன்.

டீச்சர் பெயின்டரைப் பார்த்து, "நீங்க பாப்பாவுக்கு என்ன வேணுங்க?" என்றார். அவர் தன் சட்டைக் கறையைப் பார்த்தபடி, "நான் சும்மா... பெயின்ட் அடிக்க வந்தவனுங்க" என்று ஒதுங்கினார்.

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. "தாய்மாமனுங்க, டீச்சர்" என்றேன்.

காதுகுத்துக்கு என் மகள் அவர் மடியில்தான் உட்கார்ந்தாள்.