நான்கு கம்பியும் ஒரு குடுக்கைத் தண்ணீரும்

ஒரு காட்டில் மழை பொய்த்து, ஓடை காய்ந்து, தவளைகள்கூடச் சொந்தக்காரர் வீடு பார்த்துப் போய்விட்டன. செங்காயி என்ற காட்டுப்பன்றியும் குட்டிகளோடு அடுத்த காட்டுக்குப் போய்த்தான் பார்த்தாள். "தாகம்" என்று கெஞ்சியவளை அங்கிருந்த கரடியார் தடியெடுத்து விரட்டினார். திரும்பி வந்தவளிடம் மிச்சம் இருந்தது ஒரு சுரைக்குடுக்கைத் தண்ணீர். அது தீருவதற்குள் ஊற்று கிடைக்காவிட்டால் குட்டிகள் பிழைக்காது.

அப்போது ஒரு பெட்டியும் நான்கு இரும்புக் கம்பியுமாக நரியார் வந்து சேர்ந்தார்.

"கம்பியை நட்டு பூமிக்குள்ள கரண்ட் விடுவேன். ஈரம் இருந்தா சுலபமா ஓடும், மீட்டர் முள்ளு துள்ளும். கம்பியைத் தள்ளித் தள்ளி நட்டா, ரொம்ப ஆழத்துல இருக்கற தண்ணியும் தெரிஞ்சிடும்."

"தோண்டாமலேயா சாமி?" செங்காயி வாயைப் பிளந்தாள். காலமெல்லாம் மூக்கால் தோண்டியே பிழைத்தவள் அல்லவா!

நட்டார்கள். முள் அசையவில்லை.

"மேல்மண்ணு காஞ்சு கிடக்கு. கம்பி அடியில உப்புத்தண்ணி ஊத்தணும். எல்லா ஊர்லயும் அதான் முறை. தண்ணி இருக்கா?"

செங்காயி குட்டிகளைப் பார்த்தாள். ஆனாலும் படித்தவர் கேட்கிறாரே என்று குடுக்கையை நீட்டினாள். நரியார் பாதியைத் தன் தொண்டையில் கவிழ்த்துக்கொண்டார். "நல்ல தண்ணியான்னு பாக்க வேணாமா?" மீதியில் உப்பைக் கரைத்துக் கம்பிகளைச் சுற்றித் தாராளமாக ஊற்றினார். இந்த முறை முள் துள்ளிக் குதித்தது.

"அடிச்சது யோகம்! இங்கேயே தோண்டு!"

மூக்குத் தேயத் தோண்டினாள். முதலில் சேறு வந்தது. குட்டிகள் ஓடிவந்து நக்கி, கரிக்கிறதென்று துப்பின. அதற்குக் கீழே பாறை தட்டும்வரை வெறும் புழுதி.

"பாவி! என் தண்ணியை ஊத்தி என் தண்ணியையே கண்டுபிடிச்சியா?"

"பாத்தியா, மெஷின் பொய் சொல்லலை!" என்றார் நரியார் பெருமையாக.

செங்காயி பாய்ந்த பாய்ச்சலில், அவர் பெட்டியைப் போட்டுவிட்டு ஓட்டம் பிடித்தார். அவள் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள். குட்டிகளைப் பார்த்தாள். பெட்டியையும் கம்பிகளையும் முதுகில் கட்டிக்கொண்டு குட்டிகளோடு கிளம்பினாள்.

அடுத்த காட்டுக் கரடியார் பெட்டியைக் கண்டதும் எழுந்து நின்று, "வாங்கம்மா, வாங்க" என்றார். செங்காயி கம்பிகளை நட்டாள். முள் அசையவில்லை.

"தண்ணி கொண்டாங்க" என்றாள். "முதல்ல என் குட்டிங்க குடிச்சுப் பாக்கணும். அதான் முறை."

நீதி: தாகம் என்று கேட்டால் தடியோடு வருவார்கள், ஆராய்ச்சி என்று கேட்டால் குடத்தோடு வருவார்கள்.