கரி ஒடிந்த இடம்

வறண்ட கிணற்றுக்குள் நின்று சந்தோஷப்பட்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவருக்குப் பின்னால்தான் அன்று அன்னூர் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு கவுண்டர் எங்களைத் தோட்டத்தை விட்டு அனுப்பிச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. புழுதி சுட்டது. என்னிடம் செருப்பு இல்லை. அவரிடம் இருந்தது, தேய்ந்துவிடும் என்று கக்கத்தில் இடுக்கியிருந்தார்.

கண்மூடி பெயிண்டர் என்பார்கள். சொந்தப் பெயரை அவரே மறந்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். தாராபுரத்துக்காரர், நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலையில் படம் எழுதுகிறவர். தர்பார், காடு, தெரு. இந்த மூன்றையும் எழுதி எழுதியே தலை நரைத்திருந்தது. அதே கம்பெனியில் நான் சமையலுக்கு ஒத்தாசை. அதற்கு முன் வண்டிப்பேட்டையில் மூட்டை தூக்கினேன். அதற்கும் முன்னால் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடினேன்.

நிலக்கடலை மடித்து வந்த ஒரு காகிதம்தான் அவரைக் கெடுத்தது. ஏதோ சீமைப் பத்திரிகையின் தாள். அதில் ஒரு படம். கோடு, சுழி, மறுபடியும் கோடு. கொக்கா கொடியா என்று சொல்ல முடியாது. ரயிலடியில் இங்கிலீஷ் தெரிந்த ஒருவர் படித்துச் சொன்னார்: "பிரெஞ்சு தேசத்துல சில பேரு என்ன வரையறோம்னு யோசிக்காம, கைய அதும்போக்குல உட்டு வரையறாங்களாம். உள்மனசு வெளிய வருமாம். அப்பறம்... ஏனுங்க, மீதி எங்கீங்க?"

மீதித் தாள் வேறு யாருடைய கடலையையோ சுமந்து போய்விட்டது. எனவே மீதியைப் பெயிண்டரே உண்டாக்கிக்கொண்டார். ஈரத்துண்டால் கண்ணைக் கட்டுவது, நீளக் குச்சியின் நுனியில் கரியைக் கட்டுவது, வரையும்போது யாராவது இருமினால் குச்சியோடு அடிக்க வருவது, எல்லாம் அவர் சொந்தச் சேர்க்கை.

முதல் நாள் தரையில் துணியை விரித்து, கண்ணைக் கட்டிக்கொண்டு அதன்மேல் நடந்து நடந்து வரைந்தார். கட்டை அவிழ்த்துப் பார்த்தால் தர்பார்! ஒரு தூண்கூடக் குறையவில்லை. சிம்மாசனத்துக் குஞ்சம் உட்பட வந்திருந்தது. அன்று அவர் சாப்பிடவில்லை.

"கைக்குள்ள ராஜா உக்காந்துட்டிருக்கான் கண்ணு. எந்திரிக்கவே மாட்டேங்கறான்" என்றார்.

விடாமல் தினமும் வரைந்தார். மெல்லத் தூண்கள் வளைந்தன. பிறகு சாய்ந்தன. ஒருநாள் காணாமலே போயின. அதன்பின் வேர் மாதிரி, நரம்பு மாதிரி, யாரும் பெயர் வைக்காத கோடுகள் வந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்று இரண்டு முறை சோற்றைக் குழையவிட்டேன்.

அந்தக் கையோடு கம்பெனிக்கு ஒரு காட்டுத் திரை எழுதினார். ராஜகுமாரி வேஷக்காரர், ஆறடி உயரம், பாதி மழித்த மீசையோடு அழுதுவிட்டார். "அந்தக் காட்டுக்குள்ள நா போகமாட்டேனுங்க!" முதலாளி எங்கள் இருவரையும் வெளியே அனுப்பினார். என்னை ஏன் என்றால், திரை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

அது மழை பொய்த்த காலம். போன இடமெல்லாம் வேலையில்லை. அன்னூருக்கு வடக்கே ஒரு கவுண்டர் மாட்டுக்கொட்டகையில் படுக்க இடம் கொடுத்தார். அவருடைய கிணறு வற்றிவிட்டது. இன்னொரு கிணறு அமைந்தால் பூமி மிஞ்சும், இல்லையென்றால் ஆணும் பெண்ணும் மில்லுக்குக் கூலிக்குப் போக வேண்டும். நீரோட்டம் பார்க்கிறவரைக் கூட்டிவந்து தோட்டம் முழுக்க நடக்கவிட்டிருந்தார். வேப்பங்கவைக் குச்சியைப் பிடித்தபடி அவர் சுற்றிச் சுற்றி வந்தும், தண்ணீர் இருக்கும் இடத்தில் சாய வேண்டிய கவை எங்கேயும் சாயவில்லையாம்.

தானியம் பார்க்காத களம் சாணம் மெழுகிச் சும்மா கிடந்தது. பெயிண்டருக்குக் கை ஊறியது. விடிந்ததும் கண்ணைக் கட்டிக்கொண்டு குச்சியோடு இறங்கிவிட்டார். கவுண்டர் வந்து பார்த்தார். ஒரு மனிதர் கண் தெரியாமல் நடக்கிறார், குச்சி தானாக அசைகிறது. கவுண்டர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார். களத்து மூலையில் கரி படக்கென்று ஒடிந்தது. நீரோட்டம் அங்கேதான் என்று முடிவுகட்டிக் கவுண்டர் சம்சாரத்தைக் கூப்பிட்டார்.

"அம்மணீ! கடப்பாரைய எடுத்துட்டு வா!"

பெயிண்டர் துண்டை அவிழ்த்துப் பதறினார். "ஏனுங்க கவுண்டரே, இது படமுங்க. எனக்குத் தண்ணியப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க."

"நெசமாத் தெரிஞ்சவங்க எல்லாம் அப்படித்தானுங்க சொல்லுவாங்க."

"கரி மட்டமான கரிங்க. அதான் ஒடிஞ்சுபோச்சு."

"உங்க அடக்கம் யாருக்குங்க வரும்!"

களத்தை உடைத்தார்கள். ஆள் கூலிக்கும் வெடிமருந்துக்கும் உழவுமாடு இரண்டும் சந்தைக்குப் போயின. மண் போய் உதிரும் ஓடைக்கல் வந்தது, ஓடைக்கல் போய்க் கரும்பாறை வந்தது. நானும் கூடை சுமந்தேன். பெயிண்டருக்குத் தினமும் ராஜ உபசாரம். அவர் சோற்றை விழுங்கும்போதெல்லாம் கல்லை விழுங்குகிறவர் மாதிரி இருந்தார்.

கடைசி வெடி போட்டுப் புகை அடங்கியதும், அவரே கயிற்றைப் பிடித்து உள்ளே இறங்கினார். உள்ளிருந்து சிரிப்பு கேட்டது.

கவுண்டர் விளிம்பில் மண்டியிட்டுக் குனிந்தார். "தண்ணிங்களா?"

"இல்லீங்க. கோடுங்க!"

நானும் இறங்கிப் பார்த்தேன். கரும்பாறையில் வெள்ளை வெள்ளையாக நரம்பு ஓடியிருந்தது. களத்தில் அவர் வரைந்த அதே வளைவுகள், அதே சுழிகள். பாறையைத் தடவித் தடவிப் பார்த்தார். "கண்ணு, நா கிறுக்கல. பாத்துக்கோ, இது மொதல்லயே இருந்திருக்குது" என்றார். தூசி படிந்த முகத்தில் பல் மட்டும் தெரிந்தது. அதற்கு முன்னும் பின்னும் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மேலே ஏறினோம். கவுண்டர் குரலை உயர்த்தவில்லை. "ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க. தயவுபண்ணி இப்பவே பொறப்பட்டுப் போயிருங்க. இல்லீன்னா உங்கள வெட்டிப்போடுவேனுங்க." அவர் சம்சாரம் சோளச்சோற்றை இலையில் கட்டி என் கையில் கொடுத்தது. "அவரு மனசு செரியில்லீங்க. ஊட்டச் சாத்திப்போட்டு நாங்களும் மில்லுக்குத்தான் போறோம். போயிட்டு வாங்க."

அந்தக் கட்டோடுதான் அன்னூர் வரை நடந்தோம். பெயிண்டர் இலையைத் தொடவில்லை. ரோடு பிரியும் இடத்தில் நின்றார். தாராபுரத்தில் ஏதோ கம்பெனி இறங்கியிருக்கிறதாம், தர்பார் திரை வேண்டுமாம்.

"கண்ணத் தொறந்துட்டே எழுதப்போறேன்" என்றார். "அதுல யாரு மாடும் போகாது."

"படம் நல்லா இருந்துச்சுங்க" என்றேன். அதைச் சொல்லி ஒருமுறை வேலை போயிருந்தது. இப்போது போக வேலை இல்லை.

கண் கட்டும் துண்டை என் தோளில் போட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் அவிநாசி ரோட்டில் போனார். அதன்பின் அவரை நான் பார்க்கவில்லை.

மறுநாள் காலை கோயமுத்தூரில் ஒரு மில்லின் சுற்றுச்சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வேலை கிடைத்தது. மேஸ்திரி அந்தப் பக்கம் போனதும், தலையில் கட்டியிருந்த துண்டைக் கண்மேல் இறக்கிவிட்டு, சுண்ணாம்பு மட்டையை அதன்போக்கில் விட்டேன். துண்டை ஏற்றிப் பார்த்தால், சுவரில் தர்பார் தூண் இரண்டு.

"ஏனப்பா, நின்னுட்டே தூங்கறயா?" என்று மேஸ்திரி கத்தினார்.

சுவர் முழுக்க இரண்டு பூச்சு கெட்டியாக அடித்தேன். தூண் இருந்த அந்த ஒரு இடத்தில் மட்டும் மெலிசாக அடித்தேன்.