டீக்கன் மேல் கட்டிய அத்தனை பேர்

மனிதர்களை எத்தனையோ விதமாகப் பிரிக்கிறார்கள். எங்கள் கென்டக்கி மாநிலத்துக் கோல்டர்ஸ் பெண்ட் ஊரில் இரண்டே பிரிவுதான். ரெய்னி டீக்கன் என்ற குதிரை மேல் அன்றைக்குப் பணம் கட்டியவர்கள் ஒரு பிரிவு, அன்றைக்கு ஊரில் இல்லாதவர்கள் இன்னொரு பிரிவு. நான் 1991-ல் இங்கே குடிவந்தவன், ஆகவே இரண்டாவது பிரிவு. இங்கே நான் சொல்லப்போவது முதல் பிரிவைப் பற்றி. அவர்களை ‘அன்றே கட்டியவர்கள்’ என்று வைத்துக்கொள்வோம்.

நடந்தது இவ்வளவுதான். 1984-ல், ஒரு மழை நாளில், யாரும் சீண்டாத ஒரு குதிரை எங்கள் ஊர்ப் பந்தய மைதானத்தில் ஒன்றுக்குத் தொண்ணூற்றொன்று என்ற விலையில் ஜெயித்தது. ஒரு டாலர் கட்டியவனுக்குத் தொண்ணூற்றொரு டாலர். ஓட்டம் இரண்டு நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது. ஆனால் டாட்டியின் சிற்றுண்டிக் கடையில் நாற்பது வருஷமாக அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

அன்றே கட்டியவரை எப்படிக் கண்டுபிடிப்பது? ரொம்ப சுலபம். காலையில் டாட்டி கடைக்குப் போய் உட்கார்ந்து, ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்து, "மழை வரும் போல இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். பக்கத்து மேசையில் பன் மாதிரி மெத்தென்றிருக்கும் பிஸ்கட்டைக் கிரேவியில் தோய்த்துக்கொண்டிருந்த ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை உங்கள் பக்கம் இழுத்துப் போட்டு, உங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மழையா? மழைன்னா என்னன்னு தெரியுமா உனக்கு?" என்பார். அவ்வளவுதான். உங்கள் முட்டை ஆறிப்போகும்.

அடுத்த கணம் மேசை மைதானமாகிவிடும். தக்காளி சாஸ் பாட்டில் எல்லோரும் பணம் கட்டிய பெரிய குதிரை. மிளகுக் குப்பி இரண்டாவது. சர்க்கரைப் பொட்டலங்கள் பின்னால் வந்த கூட்டம். கடைசியில், மேசை விளிம்பில், பரிதாபமாக நிற்கும் உப்புக் குப்பிதான் ரெய்னி டீக்கன். அது மெதுவாகக் கிளம்பும். வெளிப்பக்கமாக வரும். சர்க்கரைப் பொட்டலங்கள் நாலாபுறமும் சிதறும். சாஸ் பாட்டில் உருண்டு யார் மடியிலாவது விழும். உப்பு ஜெயிக்கும்! எப்போதும் உப்புதான் ஜெயிக்கும்.

இந்த இனத்தின் தலைவர் ஹோபார்ட் ஸ்பர்லாக். கம்பளக் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். பெரிய உடம்பு, பெரிய குரல், அதைவிடப் பெரிய ஞாபகம். அவர் கதையில் ஆரம்பத்தில் தூறல்தான் இருந்ததாம். நான் முதலில் கேட்டபோது அது மழையாகியிருந்தது. இப்போது ஜாக்கிகள் நீந்தாத குறைதான். ஜெயித்த பணத்தில் ஒரு நாள் டிரக் வாங்குவார், ஒரு நாள் கம்பளக் கடை திறப்பார், ஒரு நாள் மனைவிக்குக் கல்யாண மோதிரம் போடுவார். தோற்ற குதிரைகளைப் பற்றிக் கேட்டுவிடாதீர்கள். அவர் வாழ்க்கையில் ஒரே ஒரு குதிரைதான் ஓடியிருக்கிறது.

ஆதாரம் கேட்கலாமே என்கிறீர்களா? ஜெயித்த டிக்கெட்டைக் கவுண்டரில் கொடுத்தால்தான் பணம் தருவார்கள். ஆகவே ஜெயித்தவன் கையில் ஒன்றும் மிஞ்சாது. தோற்றவனிடம்தான் டிக்கெட் இருக்கும். எவ்வளவு வசதி பாருங்கள்!

முடிவெட்டும் டெல்பர்ட் காம்ஸ் அன்றைக்கு அங்கே இருந்தார். வாடிக்கையாளர் தலையில் பாதியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து கட்டினாராம். பல் டாக்டர் விட்டேகரும் கட்டினார். அப்போது அவருக்கு நாலு வயது. அப்பா தோளில் உட்கார்ந்துகொண்டு விரலை நீட்டி, "அந்தக் குதிரை" என்றாராம். பாஸ்டர் லட்ரல் சூதாட்டத்துக்கு எதிராகப் பிரசங்கம் செய்கிறவர். அவரே ஒருநாள் குரலைத் தாழ்த்தி என்னிடம், "நான் மனசுக்குள்ள கட்டினேன்ப்பா" என்றார். எனக்கு இவர்கள் மேல் கோபமெல்லாம் இல்லை. உண்மையைச் சொன்னால் பொறாமைதான். ஊரில் ஒரு கதையும் இல்லாதவன் நான் ஒருவன்தானே!

ஒருவன் அல்ல. இன்னொருத்தி உண்டு: ஹோபார்ட்டின் மனைவி எர்லீன். அன்றைக்கு ஊரில் இருந்தும், மைதானத்துக்கே போயும், "நான் கட்டலை" என்று ஒப்புக்கொள்கிற ஒரே ஜீவன்.

போன வசந்தத்தில் செய்தி வந்தது. ரெய்னி டீக்கன் வம்சத்தில் வந்த லிட்டில் டீக்கன் என்ற குதிரை சனிக்கிழமை எங்கள் மைதானத்தில் ஓடப்போகிறது. காலைப் பத்திரிகையில் உத்தேசமாகப் போட்டிருந்த விலை ஒன்றுக்கு அறுபது. செய்தி வந்த அன்று டாட்டி கடையில் ஹோபார்ட் உப்புக் குப்பியை இரண்டு தடவை ஓடவிட்டார். மூன்றாவது தடவை கிளம்பும்போது எர்லீன் அவரை அழைத்துப்போக உள்ளே வந்தாள். சற்று நேரம் பின்னாலேயே நின்று கேட்டாள்.

"மோதிரமா? எந்த மோதிரம்? மாசா மாசம் தவணை கட்டி வாங்கினோமே, அதுல பாதி நான் கட்டினேனே, அந்த மோதிரமா?"

கடையே சிரித்தது. ஹோபார்ட் முகம் சாஸ் பாட்டில் நிறத்துக்கு வந்தது.

"எர்லீன், உனக்கு ரேஸைப் பத்தி என்ன தெரியும்? எனக்கு உள்ளங்கை அரிக்கும். அரிச்சா அது ஜெயிக்கும்."

"அப்படியா? சரி. சனிக்கிழமை நானும் வர்றேன். யாரும் சீண்டாத குதிரை ஒண்ணை, ஓட்டத்துக்கு முன்னாடியே, என் முகத்தைப் பாத்துச் சொல்லு. அது ஜெயிச்சா, ஆயுசுக்கும் உன் கதையை நான் நம்புறேன். வர்றவங்க போறவங்ககிட்ட நானே சொல்றேன். ஜெயிக்கலைன்னா, இனிமே அந்த உப்புக் குப்பியை நீ முட்டைல உப்புப் போட மட்டும்தான் தொடணும். சம்மதமா?"

டாட்டி காபிக் கெண்டியோடு அப்படியே நின்றாள். "யோசிச்சுச் சொல்லு கண்ணு" என்றாள். அவளுக்கு எல்லோருமே கண்ணுதான். ஆனால் அன்றே கட்டியவரால் யோசிக்க முடியுமா? ஹோபார்ட் மேசையில் ஓங்கி அடித்து, "சம்மதம்! லிட்டில் டீக்கன்!" என்றார். மிளகுக் குப்பி விழுந்து உருண்டது. மனிதர் தன் ஒரே சொத்தை அன்றைக்குப் பணயம் வைத்தார்.

சனிக்கிழமை நல்ல வெயில். ஓட்டத்துக்கு முன்னால் குதிரைகளைச் சுற்றிலும் நடத்திக் காட்டும் இடத்தில் ஹோபார்ட், எர்லீன், நான் மூவரும் வேலியோரமாக நின்றோம். லிட்டில் டீக்கன் பளபளவென்று போனது. அதற்குப் பின்னால் ஆன்ட்டி பெர்னிஸ் என்று ஒரு சாம்பல் நிறப் பெண்குதிரை, வயிறு தொங்க, அரைத்தூக்கத்தில் வந்தது. எங்களுக்குப் பக்கத்தில் ஒரு அம்மாள் தலையில் தோட்டத்தையே வைத்தது மாதிரி ஒரு தொப்பியோடு நின்றிருந்தாள். ஆன்ட்டி பெர்னிஸ் நின்றது. கழுத்தை நீட்டியது. தொப்பியிலிருந்த துணி ரோஜாக்களை ஒவ்வொன்றாகக் கடித்து நிதானமாக மென்றது. அம்மாள் அலறினாள். எர்லீன் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஹோபார்ட் போய் லிட்டில் டீக்கன் மேல் கட்டிவிட்டு வந்து, பெரிய மின்பலகையைப் பார்த்தார். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மைதானத்தில் விலையை யாரும் உட்கார்ந்து முடிவு செய்வதில்லை. ஒரு குதிரை மேல் எவ்வளவு பணம் விழுகிறதோ அவ்வளவுக்கு அதன் விலை இறங்கும். யாரும் சீண்டாததற்குத்தான் அறுபதும் தொண்ணூறும்.

பலகையில் அறுபது முப்பத்தெட்டானது.

"பாத்தியா? எவனோ விஷயம் தெரிஞ்சவன் கட்டியிருக்கான்!" என்றார் ஹோபார்ட்.

முப்பத்தெட்டு பத்தொன்பதானது. ஹோபார்ட்டின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. திரும்பிப் பார்த்தார். கவுண்டர் முன்னால் டாட்டி கடையே வரிசையில் நின்றது.

ஓடினார். நாங்களும் ஓடினோம்.

"டேய் டெல்பர்ட்! நீ எதுக்குடா இதுல கட்டறே?"

"என்னண்ணே இப்படிக் கேக்கறீங்க? அன்னிக்கு தாத்தன் மேல கட்டிட்டு, இன்னிக்கு பேரன் மேல கட்டலைன்னா ஊர் என்ன பேசும்?"

"டாக்டர், நீங்களாவது வேற குதிரையைப் பாருங்களேன்!"

"எனக்கும் குடும்பப் பழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல!"

தொப்பியை மூக்கு வரைக்கும் இறக்கிவிட்டுக்கொண்டு ஒருவர் தூண் பக்கம் திரும்பி நின்றார். "பாஸ்டர், நீங்களுமா?" என்று ஹோபார்ட் கேட்டதும், "நான் தண்ணி குடிக்க நிக்கிறேன்ப்பா" என்றார். தண்ணீர்க் குழாய் மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்தது.

எட்டு. மூன்று. ஒன்றரை. நாற்பது வருஷமாகத் தாங்கள் கட்டியதாகச் சொன்ன அத்தனை பேரும் சேர்ந்து, யாரும் சீண்டாத குதிரையைக் கால் மணி நேரத்தில் மைதானத்திலேயே மிகவும் சீண்டப்பட்ட குதிரையாக்கிவிட்டார்கள்.

எர்லீன் பலகையைப் பார்த்தாள். வரிசையைப் பார்த்தாள். பிறகு, குழந்தை கேட்பது மாதிரி, ஆனால் வரிசைக் கடைசி வரைக்கும் கேட்கும்படியாக, "ஹோபார்ட், எனக்கு ஒரு சந்தேகம். இன்னிக்கு நீங்க இத்தனை பேர் கட்டினதும் அறுபது ஒண்ணரை ஆயிடுச்சு. அன்னிக்கும் இதே ஆளுங்கதானே கட்டினீங்க? அப்புறம் எப்படி அது தொண்ணூத்தொண்ணுல நின்னுச்சு?" என்றாள்.

பல் டாக்டர் தன் ஷூவைப் பார்த்தார். பாஸ்டர் வானத்தைப் பார்த்தார். கடைசியில் டெல்பர்ட்தான் தொண்டையைச் செருமினார்.

"அன்னிக்குத்தான் மழை பெய்ஞ்சுதே எர்லீனக்கா. பலகை ரிப்பேரு."

ஹோபார்ட்டின் அந்தப் பெரிய உடம்பு கம்பளம் சுருட்டினாற்போல் சுருண்டுவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. எர்லீனுக்கும் இருந்திருக்க வேண்டும். அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இந்தக் குதிரை ஜெயிச்சாலும் செல்லாது, தெரியுமில்ல? இன்னும் நேரம் இருக்கு. வேற சொல்லு. அதோ, தொப்பியைத் தின்னுச்சே, அது எண்பத்தேழுல நிக்குது. அதைச் சொல்லேன்."

"தொப்பி தின்ன குதிரையா?" ஹோபார்ட்டுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அது ஓடி முடிக்கறதுக்குள்ள நமக்கு ராத்திரிச் சாப்பாட்டு நேரம் வந்துடும். நான் ரேஸ் தெரிஞ்சவன்டீ!"

மணி அடித்தது. குதிரைகள் புறப்பட்டன.

சுருக்கமாகச் சொல்கிறேன். லிட்டில் டீக்கன் முன்னால் போனது, ஊரே கத்தியது. கடைசி வளைவில் அதற்கு மூச்சு வாங்கியது; ஊர் கெஞ்சியது. அப்போது வெளிப்பக்கமாக, வயிறு குலுங்க, வாயோரத்தில் ஒரு துணி இலை இன்னும் தொங்கிக்கொண்டிருக்க, சாம்பல் நிறத்தில் ஒன்று வந்தது. வந்தது, வந்துகொண்டே இருந்தது! லிட்டில் டீக்கன் எத்தனையாவதாக வந்தது என்று கேட்காதீர்கள். மைதானத்தில் ஈ பறந்தால் கேட்டிருக்கும். ஒரே ஒரு குரல் மட்டும் விண்ணைப் பிளந்தது.

"என் தொப்பி! என் தொப்பி!"

அந்த அம்மாள்தான். தொப்பி போன ஆத்திரத்தில், அதன் விலையையாவது வசூல் செய்துவிடலாம் என்று கட்டியிருக்கிறாள். வேலியைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். அறிமுகமே இல்லாத எங்களைக் கட்டிக்கொண்டாள். நாங்களும் ஏன் என்று தெரியாமல் குதித்தோம். ஹோபார்ட் மட்டும் குதிக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. தேவாலயம் முடிந்து டாட்டி கடையில் எல்லோரும் கூடினோம். வெளியே தூறல். "மழை வரும் போல இருக்கு" என்று யாரோ விவரம் தெரியாத வெளியூர்க்காரர் சொன்னார். எல்லோரும் ஹோபார்ட்டைப் பார்த்தோம். அவர் கை மெல்ல உப்புக் குப்பியை நோக்கிப் போனது. எடுத்தார். முட்டையில் இரண்டு தட்டுத் தட்டினார். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார். நாற்பது வருஷத்தில் அந்தக் கடையில் உப்பு உப்பாகப் பயன்பட்டது அன்றைக்குத்தான்.

அப்போது எர்லீன், அந்த மேசையில் ஒருநாளும் உட்காராத எர்லீன், நாற்காலியை அந்த வெளியூர்க்காரர் பக்கம் இழுத்துப் போட்டாள். மிளகுக் குப்பியை எடுத்து மேசை விளிம்பில் வைத்தாள்.

"இதுதான் ஆன்ட்டி பெர்னிஸ்னு வெச்சுக்குங்க. நான் இவர்கிட்ட அப்பவே சொன்னேன். கட்டறதுக்கே கிளம்பிட்டேன். பர்ஸைத் திறந்து, காசை எடுத்து, கவுண்டர்ல கையை நீட்டிட்டேன். இந்த மனுஷன்தான் சட்டையைப் புடிச்சு இழுத்துட்டார்!"

ஹோபார்ட் தலையைத் தூக்கினார். வாயைத் திறந்தார். அவள் கவுண்டர் பக்கமே போகவில்லை, சட்டையைப் பிடித்து இழுத்ததும் அவள்தான் என்பது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவர் மனைவியை ஒரு நிமிஷம் பார்த்தார். எங்கள் ஊரில் அப்படி ஒரு காதல் பார்வையை நான் பார்த்ததில்லை. பிறகு சாஸ் பாட்டிலை மெதுவாக அவள் பக்கம் நகர்த்தி, "இது லிட்டில் டீக்கன்" என்றார். "எனக்கும் காலைலேர்ந்து உள்ளங்கை அரிச்சுக்கிட்டேதான் இருந்துச்சு."

இப்போது எங்கள் ஊரில் மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் ஆன்ட்டி பெர்னிஸ் மேல் கட்டியவர்கள். பாஸ்டர் மனசுக்குள் கட்டினார். அது தின்ற தொப்பிகளின் எண்ணிக்கை ஏழாகிவிட்டது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். அது தொப்பியைத் தின்ற இடத்திலேயே, இதுதான் ஜெயிக்கப்போகிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது, இல்லையா? அப்போதே மனதில் பட்டது, அல்லவா? பக்கத்தில் யாரிடமாவது சொன்னீர்களா? இல்லையே?

பரவாயில்லை, உள்ளே வாருங்கள். நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. அந்த மிளகுக் குப்பியைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்கள். அன்றைக்கு நான் கட்டிய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.