எட்டு மாஸ்டர் எண்ணிய கணக்கு

அன்று மொட்டைமாடியில் இருந்தவர்கள் நாலே பேர். மிளகாய்க் கிடங்கு முதலாளி ராவுத்தர், அவரிடம் பந்தயம் கட்டிய மச்சான், எட்டு மாஸ்டர், பிறகு நான். காயப்போட்டிருந்த மிளகாயை ஐந்தாவது ஆளாகச் சேர்த்துக்கொள்ளலாம். எங்கள் மூக்கெல்லாம் அன்று அதன் பிடியில்தான் இருந்தது.

எட்டு மாஸ்டரைப் பற்றி முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ராயபுரத்தில் மூட்டை தூக்கிப் பிழைத்தவன் உண்டு, வலை இழுத்துப் பிழைத்தவன் உண்டு, கப்பலுக்குக் கரி அள்ளிப் பிழைத்தவன் உண்டு. அடுத்தவனை அவன் வீட்டிலேயே வேர்க்கவிட்டு, அதற்குக் கூலியும் வாங்கி, கூடவே பாதாம் பாலும் குடித்துப் பிழைத்தவர் இந்த உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

பெரிய மனிதர்கள் வீடு தேடிப்போய் தேகப்பயிற்சி கொடுப்பது அவர் தொழில். கொடுப்பது என்றால், அவர் ஒரு தண்டால் எடுத்து யாரும் பார்த்ததில்லை. கவிழ்த்த மண்ணெண்ணெய் டின்மேல் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டே எண்ணுவார், அவ்வளவுதான். அந்த எண்ணிக்கையிலும் யோக்கியம் கிடையாது. ஆறு, ஏழு, எட்டு என்று வந்ததும் வண்டி நின்றுவிடும். “எட்டு… எட்டு… இன்னா அவசரம், எட்டு…” வேர்வை தரையில் சொட்டினால்தான் ஒன்பது பிறக்கும். ரயில்வே கார்டு துரை ஒருவருக்கு இங்கிலீஷில் எண்ணினார். அங்கேயும் எய்ட், எய்ட், எய்ட்தான்.

எனக்கு வயிறு எரிந்தது என்று சொன்னால் போதாது. நானும் எண்ணித்தான் பிழைத்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டபோது கையில் மிஞ்சியது எண் ஒன்றுதான். ராவுத்தர் கிடங்கு வாசலில் நின்று, கொழும்புக் கப்பலுக்குப் போகும் மூட்டைகளை “லாபம், ரெண்டு, மூணு” என்று காலையிலிருந்து எண்ணுவேன். வியாபாரத்தில் ஒன்று என்று சொல்லக்கூடாது, லாபம் என்றுதான் தொடங்க வேண்டும். ஒரு மூட்டை குறைந்தால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள். அதனால் வீட்டுக்குப் போன பிறகும் வாய் எண்ணிக்கொண்டே இருக்கும். தெருவிளக்கை எண்ணுவேன், இட்லியை எண்ணுவேன், மாமியார் இருமுவதை எண்ணுவேன். நான் நாள் முழுக்கச் சரியாக எண்ணி வாங்கியதைவிட, கிடங்குக்கு மேலே ராவுத்தர் வீட்டில் மாஸ்டர் காலையில் ஒரு மணி நேரம் தப்பாக எண்ணி வாங்கியது அதிகம்.

அது போதாதென்று, ஒருநாள் என் மனைவி ஜன்னல் வழியாக அவரைப் பார்த்துவிட்டாள். நடுரோட்டில் நடந்து வந்துகொண்டிருந்தார். பின்னால் டிராம் மணியடித்துக்கொண்டே வந்தது. அவர் ஒதுங்கவில்லை. மணியை எண்ணிக்கொண்டு போனார், அதுவும் எட்டைத் தாண்டாமல்.

“நெஞ்சப் பாத்தியா, பீரோ மாதிரி கீது” என்றாள்.

“பீரோல இன்னா வெச்சிகிறான், வேர்க்கடலதான்” என்றேன்.

“உன்கிட்ட அதுவும் இல்லியே.”

அவள் சொன்னதில் தப்பில்லை. என் சட்டைக்குள் ஆள் இருக்கிறானா என்று விசாரித்தவர்கள் உண்டு.

இந்த நிலையில் அவளுக்குப் பிரசவ நேரம் நெருங்கியது. எனக்கோ எதற்கெடுத்தாலும் பயம். ஆஸ்பத்திரியில் இடம் இருக்குமா, இருந்தால் கட்டில் ஆடுமா, குழந்தை என்னைப் போலவே இருந்துவிட்டால் என்ன செய்வது? செலவுக்காக ராவுத்தரிடம் பத்து ரூபாய் முன்பணம் கேட்டேன்.

“கப்பல் போவட்டும், அடுத்த வாரம் பாக்கலாம்பா” என்று சொல்லிவிட்டார்.

படியில் உட்கார்ந்து மாஸ்டர் கடலை உரித்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்ததுதான் எனக்குப் பெரிய அவமானம்.

அன்று சாயந்திரமே தண்டையார்பேட்டையிலிருந்து ராவுத்தரின் மச்சான் வந்தார். மொட்டைமாடியில் தண்டாலுக்கு விரித்திருந்த பாயைப் பார்த்ததும் சிரித்தார்.

“மச்சான், நாலு மாசமா பாதாம் பாலு ஊத்தி ஒரு ஆளை வெச்சிகினு கீறியே, எத்தினி தண்டால் எடுக்கிற?”

“பதினஞ்சு” என்றார் ராவுத்தர் பெருமையாக.

“பதினஞ்சா? என் கிடங்குல பூனை எடுக்கும். இருபத்தஞ்சு எடு, விருந்து என் செலவு. முடியலன்னா இந்த ஆளை வூட்டுக்கு அனுப்பு.”

ராவுத்தருக்கு முகம் மிளகாயாகிவிட்டது. மாஸ்டர் பக்கம் திரும்பினார். “கேட்டுகினியா? இருபத்தஞ்சு வரலன்னா நாளையிலேர்ந்து படி ஏறாத.”

மாஸ்டரின் கையிலிருந்த கடலை கீழே விழுந்தது. கார்டு துரை மாற்றலாகிப் போய்விட்டார். மாஸ்டருக்கு மிச்சமிருந்த ஒரே வீடு இதுதான்.

“மாஸ்டர் எண்ணக்கூடாது, கூட்டிச் சொல்லிடுவாரு” என்றார் மச்சான். “கீழ மூட்டை எண்றவனைக் கூப்புடு.”

இப்படித்தான் என்னை மாடிக்கு இழுத்து வந்தார்கள். மாஸ்டர் கூட்டிச் சொல்பவர் அல்ல, குறைத்துச் சொல்பவர் என்பது அங்கே எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். நாலு மாதமாக மேலே கை ஊன்றும் சத்தத்தைக் கீழேயிருந்து எண்ணியவன் நான். ராவுத்தரின் பதினைந்து உண்மையில் முப்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது.

ராவுத்தர் குனிந்தார். நான் ஆரம்பித்தேன். “லாபம்… ரெண்டு… மூணு…”

ஏழு வந்தது. எட்டு வந்தது. அப்போது எனக்கு ஓர் அருமையான யோசனை தோன்றியது. மாஸ்டரின் வித்தையையே அவருக்குக் காட்டலாம். நாலைந்து தடவை எட்டு என்றால் போதும். ராவுத்தர் களைத்து விழுவார், பாதாம் பால் நின்றுபோகும், பீரோ ஊரைவிட்டே போகும். தலையைத் தூக்கி மாஸ்டரைப் பார்த்தேன். அவரும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அகலமான நெஞ்சு ஏறி இறங்குவதை அன்றுதான் பார்த்தேன். பயந்த மனிதனை எனக்கு அடையாளம் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்க்கிறவன் நான்.

“ஒம்பது” என்றேன்.

அதற்கப்புறம் வாய் தன் வேலையைப் பார்த்துக்கொண்டது. இருபத்தைந்து தாண்டியது. மச்சான் சிரிப்பதை நிறுத்தினார். இருபத்தெட்டில் ராவுத்தர் ஒரு தும்மல் போட்டு அப்படியே படுத்துவிட்டார்.

“நாலு மாசமா பதினஞ்சுன்னு ஏன்யா சொன்ன?” என்று படுத்தபடியே கேட்டார்.

“நம்பர் பெர்சானா ஒடம்பு பயந்துக்கும் நைனா” என்றார் மாஸ்டர்.

ராவுத்தருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மடியிலிருந்து ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்து மாஸ்டர் கையில் வைத்தார். காலையில் எனக்குக் கிடைக்காத பத்து ரூபாய். எண்ணியவன் நான், இனாம் அவருக்கு. கீழே இறங்கும்போது படிகளை எண்ணக்கூட எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் நின்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். டிராம் மணி விடாமல் அடித்தது. திரும்பினால், தண்டவாளத்தின் நடுவில் மாஸ்டர்.

“கையை நீட்டு” என்றார்.

“இன்னாத்துக்கு மாஸ்டர்?”

“எண்ணினவனுக்குக் கூலி வாணாமா? பத்து ரூவா. சரியா பாத்துக்கோ.”

நோட்டைச் சில்லறையாக மாற்றி வைத்திருந்தார். ஒவ்வொரு ரூபாயாக என் உள்ளங்கையில் வைத்தார். “லாபம்… ரெண்டு… மூணு…” என் தொழில் வார்த்தையை எப்போது பிடித்துக்கொண்டாரோ தெரியவில்லை. “ஏழு… எட்டு… எட்டு… எட்டு… ஒம்பது… பத்து.”

என் வாய் சும்மா இருக்குமா? “மாஸ்டர், பன்னெண்டு கீது” என்றேன்.

“உனக்கு எண்ணத் தெர்ல நைனா” என்று சொல்லிவிட்டு மறுபடி நடுரோட்டில் நடந்தார்.

உள்ளே எனக்கு மகன் பிறந்திருந்தான், நல்ல அகலமான நெஞ்சோடு. மாஸ்டரோ அடுத்த மாதமே ஒரு வியாபாரிக்கு எண்ணுவதற்காகக் கொழும்புக் கப்பலேறிப் போனார். திரும்பி வரவேயில்லை. இன்றும் எதை எண்ணினாலும், எட்டு வந்ததும் அவருக்காகக் கொஞ்சம் நிற்கிறேன்.

நான் எண்ணியதுதான் சரி. அவருக்கு நான் தரவேண்டியது ரூபாய் இரண்டு.