சரளைக்காட்டுக்கு வந்த இரண்டு பேர்

வண்டியை நிறுத்தி எங்கள் காட்டைப் பார்க்கிற எவரும் எனக்கு நில புரோக்கர்தான். (இன்றைக்கும் அப்படித்தான். வைத்தியம் இல்லை.) கொத்தமங்கலம் பக்கம் எங்களுக்கு இருப்பது வெறும் சரளைக்காடு. மழை பெய்தால் கடலை, பெய்யாவிட்டால் ஆடு, இரண்டும் கைவிட்டால் அம்மாவின் நூறு நாள் வேலை. யாராவது விலை சொன்னால் அப்பா மயங்கிவிடுவாரோ என்று கல்யாணமாகாத அந்த வயதில் எனக்கு ஓயாத பயம்.

ஒரு நாள் காலை வெள்ளை வேட்டியில் இரண்டு பேர் பைக்கில் வந்து இறங்கினார்கள். பெரியவர் ஒரு கடலைச் செடியைப் பிடுங்கிக் காயைப் பார்த்தார். மண்ணை அள்ளி உள்ளங்கையில் தேய்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. காட்டை மட்டம் தட்டினால் ஓடிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன்.

“மண்ணு எப்படித் தம்பி?”

“பாதிக்கு மேல கல்லுதான்யா. கருவேலமே யோசிச்சுத்தான் மொளைக்கும்.”

“கெணறு இருக்கே?”

“கெணறு இருக்கு, தண்ணி இல்ல.” (முந்தின நாள்தான் மோட்டார் ஓடியது.)

“வருமானம்?”

“ஆட்ட நாங்க வளக்கல. ஆடுதான் எங்கள வளக்குது.”

“கூடப் பொறந்தவுக எத்தன பேரு?”

பத்திரத்துக்கு யார் யார் கையெழுத்து வேண்டும் என்று பார்க்கிறார்!

“ஒரே தங்கச்சி. அவ கையெழுத்தே போட மாட்டா. பிடிவாதக்காரி. கோவம் வந்தா ஆட்டையும் அடிப்பா, ஆளையும் அடிப்பா.”

பெரியவர் வண்டிப் பக்கம் திரும்பினார். நான் விடவில்லை. “கையில இருக்குற மண்ணப் போட்டுட்டுப் போங்க.” போட்டார்.

மதியம் அப்பா காரைக்குடியிலிருந்து மல்லிகைப்பூவும் அல்வாவுமாக வந்தார். “ஏண்டா, பள்ளத்தூர்லேருந்து மாப்பிள்ளையோட அப்பாவும் சித்தப்பாவும் காட்டப் பாக்க வந்தாகளா?”

தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்ப்பதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. (சொன்னால் மாப்பிள்ளையையும் சந்தேகப்படுவேனாம்.) நடந்ததைக் கேட்ட தங்கச்சி செல்வி அகப்பையால் ஒன்று வைத்தாள். பிறகு மூலையில் உட்கார்ந்து அழுதாள். அந்தப் பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. அகப்பையைவிட அதுதான் வலித்தது.

அன்று சாயங்காலமே அப்பா என்னைப் பள்ளத்தூருக்கு இழுத்துப் போனார். “உங்கள புரோக்கர்னு நெனச்சுட்டேன்யா,” என்றேன். பெரியவர் சிரிக்கவில்லை.

“மண்ணப் பத்திச் சொன்னது சரிதான். எங்க காடும் அதே சரளைதான்.” உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அந்தப் பிள்ள நெசமாவே கையெழுத்துப் போடாதா?”

“யாரு கேட்டாலும் போடாதுய்யா.”

“எம்மகன் யாரு நீட்டுனாலும் போட்டுருவான். ஊருல பாதிப் பேரு லோனுக்கு அவன்தான் ஜாமீன். போடாத பிள்ள ஒண்ணுதான் எங்க வீட்டுக்கு வேணும்.”

எனக்கு உடனே மாப்பிள்ளை மேல் சந்தேகம் வந்தது. வாயைத் திறப்பதற்குள் அப்பா தொடையைக் கிள்ளினார்.

கல்யாணம் நடந்தது. அன்றிலிருந்து, யார் வந்தாலும் மாப்பிள்ளை வீட்டாராக இருக்கலாம், நான் பேசக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். போன மாதம் நிஜமாகவே ஒரு புரோக்கர் வந்தார். நான் எழுந்திருப்பதற்குள் என் மனைவி காப்பியும் முறுக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பணிவாகச் சொன்னாள்:

“எங்க பாப்பா இப்பத்தான் மூணாவது படிக்குதுண்ணே.”